‘அந்நியருடன் கதைக்காதே’ என்ற புத்திமதி மட்டும் போதுமா?

வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளைக்கு நமது பெற்றோர் சொல்லி அனுப்பும் புத்திமதிகளில் முதன்மையானது, தெரியாத ஆட்களுடன் கதைக்கக் கூடாது, அவர்கள் தருவதை வாங்கக் கூடாது என்பதாகும். நாட்டின் எங்காவது ஒரு மூலையில் பிள்ளையொன்று காணாமற்போனதாகச் செய்தி வெளிவந்தால் இந்தப் புத்திமதி மேலும் கண்டிப்புடன் சொல்லப்படுகின்றது. சில வாரங்களில் அந்தச் செய்தி மறக்கப்படும்போது புத்திமதியும் மறக்கப்பட்டு விடுகின்றது. ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம் வரும்போது மேடைகளில் மீண்டும் அது நினைவுகூரப்படுகின்றது. பிள்ளைகளின் பாதுகாப்புத் தொடர்பாக நாம் பெரும்பாலும் செய்து வருவது இவ்வளவு தான் என்று கூறினால் அது மிகையாகாது.

இந்தப் புத்திமதி தவறானதென்று நாம் கூற வரவில்லை. ஆனால், அது பிள்ளையின் மனதில் எவ்வாறு பதிகின்றது, ஆபத்தான வேளையில் அதற்கு எந்தளவுக்கு உதவுகின்றது என்பதைப் பெரியவர்களாகிய நாம் சற்று நிதானமாகச் சிந்தித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், ஐந்து வயதுப் பிள்ளையொன்றுக்கு ‘அந்நியர்’ என்றால் யார்? இந்தக் கேள்வியை வீட்டிலுள்ள பிள்ளையிடம் கேட்டுப் பார்த்தால் விடை விளங்கும். பயங்கரமான முகமும் சிவந்த கண்களும் தோளில் சாக்குமாக வரும் பிள்ளைபிடிகாரனையே அது வர்ணிக்கும். சோறு ஊட்டும் வேளையிலும் நித்திரையாக்கும் வேளையிலும் நாமே உருவாக்கிக் கொடுத்த உருவம் அது. சுத்தமாக உடுத்து, சிரித்த முகத்துடன் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் அந்தப் பிள்ளையின் கணக்கில் அந்நியரே அல்லர். இரண்டு தடவை கண்டு விட்டால் அவர் ‘தெரிந்தவர்’ ஆகி விடுகின்றார்.

நமது சமூகங்களின் பேச்சு வழக்கமும் இதற்குத் துணை செய்கின்றது. முச்சக்கரவண்டி ஓட்டுபவர் மாமா, கடைக்காரர் அண்ணா அல்லது நானா, பாடசாலை வானில் உதவிக்கு நிற்பவர் அங்கிள், அயல் வீட்டுப் பெண்மணி அன்ரி அல்லது மாமி என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். எல்லோரையும் உறவு முறை சொல்லி அழைப்பது நமது பண்பாட்டின் சிறப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், வளர்ந்தவர் அனைவரையும் உறவினராக்கி விட்டு, அந்நியரிடம் கவனமாக இரு என்று பிள்ளைக்குச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமற் போய்விடுகின்றது.

இரண்டாவது விடயம் இதைவிடப் பாரதூரமானது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்நியர் அல்லர். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க நீதித் திணைக்களத்தின் புள்ளிவிபரப் பணியகம் வெளியிட்ட அறிக்கையொன்று, பொலிஸாரிடம் முறையிடப்பட்ட, 18 வயதுக்குட்பட்டோருக்கு எதிரான பாலியல் வன்முறைச் சம்பவங்களை ஆராய்ந்திருந்தது. அவற்றில் குற்றமிழைத்தோரில் சுமார் 34 வீதமானோர் குடும்ப உறுப்பினர்களாகவும் 59 வீதமானோர் பிள்ளைக்கு அறிமுகமானவர்களாகவும் இருந்தனர். முற்றிலும் அந்நியராக இருந்தோர் 7 வீதத்தினர் மாத்திரமே. அது வேறொரு நாட்டின் கணக்கு என்று ஒதுக்கி விடவும் முடியாது. 2022 ஆம் ஆண்டு மே மாதம் பண்டாரகம, அட்டலுகம பகுதியில் வீட்டுக்கு அருகிலிருந்த கடைக்குச் சென்ற 9 வயதுச் சிறுமி வீடு திரும்பவில்லை. மறுநாள் சதுப்பு நிலமொன்றில் அவளது சடலமே கிடைத்தது. இனம், மதம் கடந்து முழு நாடுமே கலங்கிய அச்சம்பவத்தில் சந்தேகத்தின் பேரில் கைதானவர் எங்கிருந்தோ வந்தவரல்லர். அதே பகுதியைச் சேர்ந்தவர், குடும்பத்துக்கு அறிமுகமானவர் என்றே அப்போது செய்திகள் தெரிவித்தன. அத்தகைய ஒருவரிடமிருந்து ‘அந்நியருடன் கதைக்காதே’ என்ற புத்திமதி எந்தப் பிள்ளையைத் தான் காப்பாற்றும்?

மூன்றாவதாக, அந்நியர் எல்லோரும் ஆபத்தானவர்கள் என்ற அச்சம் அளவுக்கு மீறும்போது அதுவே பிள்ளைக்கு ஆபத்தாகவும் முடியலாம். 2005 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைக்காட்டில் சாரணர் முகாமொன்றிலிருந்து வழி தவறிய 11 வயதுச் சிறுவன் நான்கு நாட்களின் பின்னரே மீட்கப்பட்டான். தேடி வந்தவர்களைக் கண்டும் அவர்கள் தன்னைக் கடத்திச் சென்று விடுவார்களென அஞ்சி அவன் ஒதுங்கியிருந்தமை பின்னர் தெரியவந்தது. நல்லூர்த் திருவிழாச் சனத்திரளிலோ, பெருநாள் காலக் கடைத்தெருவிலோ, கொழும்பு கோட்டை புகையிரத நிலையத்திலோ பெற்றோரின் கையை விட்டு விட்ட பிள்ளைக்கு உதவக் கூடியவர் யாரோ ஒரு அந்நியர் தான். எந்த அந்நியரிடம் உதவி கேட்பது என்பதைக் கற்பிக்காமல், எவருடனும் பேசாதே என்று மட்டும் கற்பித்தால் அந்தப் பிள்ளை அழுதுகொண்டே நிற்கும்.

பெரியவர்களிடையே இந்த அச்சம் பரவும்போது விளைவு இன்னும் விபரீதமாகின்றது. 2018 ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்று கொண்டிருந்த குடும்பமொன்று வழியில் நின்ற சிறுவர்களுக்கு இனிப்புக் கொடுத்தது. வட்ஸ்அப்பில் பரவியிருந்த பிள்ளை கடத்தல் வதந்தியை நம்பியிருந்த கிராமத்தவர் அவர்களைச் சூழ்ந்து தாக்கியதில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். நமது கைத்தொலைபேசிகளுக்கும் இத்தகைய வதந்திகள் அடிக்கடி வருகின்றன. அவற்றை ஆராயாமல் பிறருக்கு அனுப்புவது பிள்ளைகளைப் பாதுகாக்கும் செயலாகாது.

அவ்வாறெனில் பிள்ளைகளுக்கு எதனைக் கற்பிப்பது? ஆட்களைத் தரம் பிரிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விட முடியாது. பெரியவர்களே ஏமாந்து போகும் விடயம் அது. ஆட்களுக்குப் பதிலாகச் செயல்களைப் பிரித்தறியக் கற்பிப்பதே பொருத்தமானது. யார் அழைத்தாலும் சரி, எங்கு அழைத்தாலும் சரி, தன்னைப் பொறுப்பில் வைத்திருப்பவரிடம் கேட்காமல் போகக் கூடாது என்பதே பிள்ளை கற்க வேண்டிய முதலாவது விதி. வீட்டில் அம்மாவிடம் அல்லது உம்மாவிடம், முன்பள்ளியில் ஆசிரியையிடம், பெற்றோர் வெளிநாட்டில் இருப்பின் அம்மம்மாவிடம் அல்லது உம்மம்மாவிடம் கேட்க வேண்டும். மாமா அழைத்தாலும் கேட்டு விட்டுத் தான் போக வேண்டும். இந்த விதியில் அந்நியர், தெரிந்தவர் என்ற பாகுபாடு இல்லை. ஆதலால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும். நல்ல மனதுடன் அழைத்த உறவினர் எவரும் பிள்ளை கேட்டு விட்டு வருவதனால் மனம் வருந்தப் போவதுமில்லை. கேட்க வேண்டாம் என்று தடுப்பவரே அவதானிக்கப்பட வேண்டியவர்.

1981 ஆம் ஆண்டு அமெரிக்காவில் முன்பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்ட சிறிய ஆய்வொன்று, பிள்ளைகளை அழைத்துச் செல்ல முயல்பவர்கள் கையாளும் வழிகளை மூன்றாக வகுத்தது. சாதாரணமாகக் கதைத்து நடந்து வரச் சொல்வது முதலாவது. அதிகாரம் பெற்றவர் அனுப்பியதாகக் கூறுவது இரண்டாவது. ஆசை காட்டுவது மூன்றாவது. நமது சூழலில் இவை எப்படி ஒலிக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ‘வாங்கோ மகன், கடை மட்டும் போய் வருவம்’ என்பது முதல் வகை. ‘அம்மாவுக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொன்னவ’, ‘வாப்பா தான் என்னை அனுப்பினார்’ என்பன இரண்டாம் வகை. ‘என் வீட்டில் முயல் குட்டி நிற்கிறது’, ‘போனில் கேம் விளையாடலாம்’ என்பன மூன்றாம் வகை. இவற்றில் இரண்டாவது வகை தான் நமது பிள்ளைகளை இலகுவில் வீழ்த்தக் கூடியது. தாய்க்கு ஏதோ நடந்து விட்டதென்று கேள்விப்படும் பிள்ளை வேறெதையும் யோசிக்காது. எனவே, அவசரத்தில் யார் வந்து கூட்டிச் செல்வார்கள் என்பதைக் குடும்பத்தினர் முன்கூட்டியே தீர்மானித்து, அந்த இரண்டு மூன்று பெயர்களைப் பிள்ளைக்கும் பாடசாலைக்கும் சொல்லி வைக்க வேண்டும். வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த இரகசியச் சொல்லொன்றை வைத்துக் கொள்வதும் பயனளிக்கும். அந்தச் சொல்லைக் கூறாதவருடன் பிள்ளை போகாது.

அதே ஆய்வு இன்னுமொன்றையும் காட்டியது. பிள்ளைகளுக்கு வாயால் சொல்லி விட்டு நிறுத்தாமல், நடித்துக் காட்டி, அவர்களையும் நடிக்கச் செய்து, சரியாகச் செய்தபோது பாராட்டினார்கள். பயிற்சிக்கு முன்னர் இலகுவில் இணங்கிய பிள்ளைகள் அதன் பின்னர் மறுத்து விலகிச் செல்லக் கற்றுக்கொண்டனர். வாய்ப்பாடு மனனம் செய்த பிள்ளைக்குக் கடையில் மிச்சக் காசு எண்ணத் தெரியாமலிருப்பதைப் போல, ‘யாராவது கூப்பிட்டால் போவாயா?’ என்ற கேள்விக்கு ‘போக மாட்டேன்’ என்று பதில் சொல்லும் பிள்ளை உண்மையில் அழைக்கப்படும்போது போய் விடக் கூடும். மாதத்தில் ஒரு மாலைப் பொழுது பத்து நிமிடங்களை ஒதுக்கி, தகப்பனார் வான் சாரதியாக நடித்து அழைக்கட்டும். பிள்ளை ‘வர மாட்டேன்’ என்று உரத்துச் சொல்லி, ஓடி, தாயிடம் நடந்ததைச் சொல்லட்டும். மறுப்பது, ஓடுவது, சொல்வது என்ற மூன்றும் விளையாட்டாகவே பழக்கத்துக்கு வந்து விடும். பயங்கரக் கதைகள் சொல்லிப் பிள்ளையை நடுங்க வைக்க வேண்டிய அவசியமில்லை. தெருவைக் கடக்கக் கற்பிக்கும்போது விபத்தில் இறந்தோரின் படங்களை நாம் காட்டுவதில்லையே.

வயதுக்கேற்ப இவை விரிவடைய வேண்டும். மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்குத் தனது முழுப் பெயர், பெற்றோரின் பெயர், ஊர், ஒரு தொலைபேசி இலக்கம் ஆகியன தெரிந்திருந்தால் நல்லது. உடுப்பால் மறைக்கப்படும் உறுப்புகளின் பெயர்களையும், குளிப்பாட்டவும் மருந்திடவும் வைத்தியர் பரிசோதிக்கவும் தவிர்ந்த வேறு தேவைக்காக எவரும் அங்கு தொடக் கூடாது என்பதையும் அந்த வயதிலேயே வெட்கப்படுத்தாமல் சொல்லலாம். வைத்தியர் பரிசோதிக்கும்போதும் தாயோ தந்தையோ கூட இருப்பர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, சனக் கூட்டத்தில் வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை அணிந்த பொலிஸாரிடமோ, கடையில் நிற்கும் பணியாளரிடமோ, பிள்ளைகளுடன் வந்திருக்கும் தாய் ஒருவரிடமோ உதவி கேட்க வேண்டும் என்பதைக் கற்பிக்கலாம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் கைகளில் இன்று தொலைபேசி இருக்கின்றது. 2020 இல் கொரோனாத் தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையவழிக்கு மாறிய பின்னர் இது கிராமங்களிலும் வழமையாகி விட்டது. விளையாட்டுச் செயலியில் நண்பனாகிப் படம் அனுப்பச் சொல்பவரும், வீதியோரத்தில் இனிப்புக் காட்டி அழைப்பவரும் செய்வது ஒன்றே என்பதை அந்த வயதுப் பிள்ளைக்கு விளக்க வேண்டும்.

எல்லா வயதினருக்கும் பொதுவான பாடமொன்றும் உண்டு. அம்மாவிடம் சொல்லாதே என்று யாராவது கூறினால் அதை அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதே அது. பிறந்தநாள் பரிசை மறைத்து வைப்பது வேறு. அது சில நாட்களில் எல்லோருக்கும் தெரிந்து மகிழ்ச்சியாக முடிந்து விடும். ஒருபோதும் சொல்லக் கூடாத இரகசியம் என்று பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் கேட்பதில் நன்மை எதுவும் இருக்க முடியாது.

இங்கே நமது வளர்ப்பு முறையையும் பரிசீலிக்க வேண்டியுள்ளது. பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாது என்று கற்பித்து வளர்க்கப்படும் பிள்ளை, தவறான நோக்குடன் அணுகும் பெரியவரிடம் மட்டும் எவ்வாறு மறுப்புச் சொல்லும்? விருந்தினர் வரும்போது, விரும்பாத பிள்ளையை இழுத்து வந்து மடியில் இருத்துகின்றோம், கட்டாயப்படுத்தி முத்தம் கொடுக்கச் செய்கின்றோம். கைகூப்பி வணக்கம் சொல்வதும் ஸலாம் கூறுவதும் மரியாதைக்குப் போதுமானவை. பிறரது அறைக்குள் நுழையும் முன்னர் அனுமதி கேட்கப் பிள்ளைகளைப் பழக்குமாறு திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் போதிக்கின்றது. பிள்ளைகளுக்கும் அந்தரங்கம் குறித்த ஒழுக்கம் கற்பிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் நேற்று வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய ஒன்றல்ல என்பதற்கு இதுவே சான்று. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்து கல்வி அமைச்சு 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. எனினும், பிரம்பு இல்லாமல் பிள்ளை திருந்தாது என்ற நம்பிக்கை பலரிடம் இன்னமும் இருக்கின்றது. அடிக்குப் பயந்த பிள்ளை தனக்கு நேர்ந்ததையும் அதே பயத்தினால் மறைத்து விடும். தீங்கு செய்பவருக்கு அந்த மௌனத்தை விடப் பெரிய துணை வேறில்லை.

ஆண் பிள்ளைகளுக்கு இந்தப் பாடங்கள் அவசியமில்லை என்ற எண்ணமும் களையப்பட வேண்டும். 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம், பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று வேறுபாடு காட்டவில்லை. சட்டம் பார்க்காத வேறுபாட்டைப் பெற்றோர் பார்ப்பது முறையன்று.

பிள்ளை ஏதேனும் சொல்ல முற்படும்போது நாம் நடந்து கொள்ளும் விதத்திலேயே எல்லாம் தங்கியிருக்கின்றது. ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்று முதற் கேள்வி கேட்டு விட்டால் இரண்டாவது பதில் கிடைக்காது. அமைதியாகக் கேட்டு, சொன்னது நல்லது, இதில் உன் பிழை எதுவுமில்லை என்று கூற வேண்டும். துருவித் துருவி விசாரிப்பது உரிய அதிகாரிகளின் வேலை. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துடன் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தொடர்பு கொள்ளலாம். பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவுகள் இயங்குகின்றன. உடலுக்குத் தீங்கு நேர்ந்திருக்குமாயின் தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாகச் சமர்ப்பிப்பதற்கு 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்துள்ளது.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும், குடும்ப மானம் போய்விடும், நாளை பிள்ளைக்குக் கலியாணம் நடக்காது என்ற காரணங்களைக் கூறி விடயத்தை ஊருக்குள்ளேயே பேசி முடிக்கும் வழக்கம் நமது சமூகங்களில் இருந்து வருவதை வேதனையுடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அவ்வாறு பேசி முடிப்பதனால் காப்பாற்றப்படுபவர் குற்றவாளி ஒருவரே. அவர் அடுத்த பிள்ளையை நாடிச் செல்கின்றார். கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இத்தகைய சமரசங்களுக்கு இடம் கொடுக்க மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவிக்க முன்வர வேண்டும். அறநெறிப் பாடசாலைகளிலும் குர்ஆன் மத்ரஸாக்களிலும் தனியார் வகுப்புகளிலும் பிள்ளையும் பெரியவரும் மூடிய அறையில் தனித்திருக்காத ஒழுங்கை ஏற்படுத்தினால் அது பிள்ளைகளைக் காக்கும். நேர்மையான ஆசிரியர்களை வீண் பழியிலிருந்தும் அதுவே காக்கும்.

இறுதியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2015 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் கொட்டதெனியாவவில் பச்சிளம் சிறுமியொருத்தி இரவில் வீட்டில் நித்திரையிலிருந்தபோது கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். உறங்கிக் கொண்டிருந்த குழந்தைக்கு எந்தப் பாடம் உதவியிருக்கும்? அந்த வழக்கில் ஆரம்பத்தில் கைதான 17 வயது மாணவர் மரபணுப் பரிசோதனையின் பின்னரே விடுவிக்கப்பட்டார். ஆத்திரத்தில் எழும் சந்தேகம் இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பலிகொள்ளும் அபாயத்தையும் அச்சம்பவம் உணர்த்தியது. பிள்ளைகளுக்குத் தற்காப்பைக் கற்பிப்பதன் மூலம் பாதுகாப்பின் முழுப் பொறுப்பையும் அவர்களது சின்னஞ்சிறு தோள்களில் சுமத்தி விட்டு நாம் ஒதுங்கிக் கொள்ள முடியாது. வான் சாரதி யார் என்று விசாரிப்பதும், வகுப்பு முடியும் நேரத்துக்கு வாசலில் நிற்பதும், அயல் வீட்டுப் பிள்ளை தனியே நடந்து போகும்போது ஒரு கண் வைத்திருப்பதும் பெரியவர்களின் கடமைகளாகும்.

1991 இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்ட நாடு நமது நாடு. சட்டங்களும் அதிகார சபைகளும் தொலைபேசி இலக்கங்களும் தேவையானவையே. ஆனால், அவையெல்லாம் செயற்படத் தொடங்குவதற்குப் பிள்ளையொன்று யாராவது ஒருவரிடம் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். எது நடந்தாலும் வீட்டில் சொல்லலாம், சொன்னால் அடி விழாது, நம்புவார்கள் என்ற உறுதியைப் பிள்ளைக்கு வழங்கக் கூடியவர்கள் பெற்றோரும் பாதுகாவலர்களுமே. அந்த உறுதியை இன்றிரவே தமது பிள்ளைகளுக்கு வழங்குமாறு அனைத்துப் பெற்றோரையும் அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்.